கரகமும் கம்பமும்: போட்டி ஆட்டம் பற்றிச் சில குறிப்புகள்

1

கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே போட்டுவிடுவார்கள்: 'இரண்டு செட்டு கரகாட்டம், போட்டி ஆட்டம்'. தாமிரபரணிக் கரை ஊர்களில் அம்மனுக்கு என்றால் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, சுடலைமாடனுக்கு என்றால் வெள்ளிக்கிழமை. குடியழைப்பு, தீர்த்தம் எடுத்து வருவது, மதியக்கொடை, சாமக்கொடை என்று சாமிக்கு ஒரு நிரல் உண்டு. வில்லுப்பாட்டு அந்த நிரலோடு ஒட்டிப்போகும். கதை சொல்லிச் சாமியை வரவழைப்பது அதன் வேலை. கணியான் கூத்தும் அப்படியே. அண்ணாவி பாட, மகுடம் முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, கணியானின் கையிலிருந்து ரத்தம் விழுந்தால்தான் சில ஊர்களில் சுடலைக்குப் பூசை முடிந்ததாக அர்த்தம். ஆனால் கரகாட்டம் இந்த நிரலின் இடைவெளிகளில் நிற்பது. ஒரு பூசைக்கும் மறு பூசைக்கும் நடுவில் சனத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். சாமிக்கு அது தேவையில்லை, கமிட்டிக்குத் தேவை.

பந்தலுக்கு இந்தப் பக்கம் ஒரு நையாண்டி மேளம், அந்தப் பக்கம் ஒன்று. நாகசுரம், தவில், பம்பை, தாளம். ஒரு செட்டுக்காரி கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்பக்கமாக வளைந்து தரையில் கிடக்கிற ரூபாய் நோட்டை வாயால் எடுக்கிறாள். எதிர்ச் செட்டுக்காரி பதிலுக்குக் கண் இமையால் ஊசி எடுக்கிறாள். இவள் ஏணியில் ஏறினால் அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் வயிற்றின் மேல் வைத்த காயை வெட்டுகிறாள். தவில்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்கிறது. யார் ஜெயித்தது? யாரும் அறிவிப்பதில்லை. நடுவர் கிடையாது, மதிப்பெண் கிடையாது, கோப்பை கிடையாது. கூட்டம் எந்தப் பக்கம் அதிக நேரம் நின்றது என்பதைக் கமிட்டிக்காரர்கள் மனசில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த வருசத்து அச்சாரம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் தீர்ப்பு தெரியும்.

விடிந்த பிறகு நடப்பதைப் பார்க்கக் கூட்டம் இருப்பதில்லை. ராத்திரி முழுக்க எதிரும் புதிருமாக ஆடியவர்கள் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மற்றவளின் கொண்டையில் மாட்டிக்கொண்ட ஊசிகளைப் பிடுங்கிக் கொடுப்பாள். "என்னக்கா, நாளைக்கு எங்க?" "அம்பாசமுத்திரம் பக்கம். நீ?" இந்தப் போட்டி என்ன வகையான போட்டி, யாருக்காக நடக்கிறது, யார் செலவில் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முயல்வதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

2

முதலில் பொருளாதாரம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசான அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசங்கள்தான் பங்குனி, சித்திரை, வைகாசி. கொடைகள் அந்த மாசங்களில் வந்து குவிவது தற்செயல் இல்லை. அப்புறம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசையை ஒட்டிக் கொஞ்சம் நடமாட்டம். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் வாசிக்க இடமில்லை, ஆட இடமில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து, வயல் விளைந்து, நில உடைமையாளனின் களத்துக்கு நெல் வந்து சேர்ந்த பிறகு வரியாகப் பிரிந்து கொடைக்கு வரும் பணத்தில்தான் ஆட்டக்காரியின் கூலி இருக்கிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடையாது. ஆகவே கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவில் சாதி எப்போதும் நிற்கிறது.

இந்தச் சில மாசங்கள் போனால் வருசமே போயிற்று. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனி மாசத்தில். 2021இல் இரண்டாவது அலை வந்தது சித்திரை வைகாசியில். அடுத்தடுத்து இரண்டு கொடைக்காலம் கைவிட்டுப் போனது. மற்ற தொழிலாளிக்கு ஊரடங்கு என்பது சில மாதச் சம்பளம். கரகாட்டக்காரிக்கு அது இரண்டு முழு வருசச் சம்பளம்.

'செட்டு' என்பது நிலையான குழு அல்ல. மேளக்காரர் அச்சாரம் வாங்குகிறார். தேதிக்குத் தக்க ஆட்டக்காரிகளைச் சேர்க்கிறார். மதுரைப் பக்கத்திலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. போன வாரம் சேர்ந்து ஆடினவள் இந்த வாரம் எதிரில் நிற்பாள். அடுத்த வாரம் மறுபடியும் ஜோடி. இப்படியிருக்க ஒருத்தி மற்றவளை ஒரேயடியாக வீழ்த்திவிடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. எதிர்ச் செட்டுக்காரிக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் இந்தப் பக்கத்து மேளம் தன் முறையைக் கொஞ்சம் நீட்டி வாசிக்கும். கூட்டத்துக்கு அது 'அடங்காத வேகம்' என்று தெரியும். எதிரில் நிற்பவளுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கிடைத்திருக்கும். தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு ஆட வந்தவளுக்குப் பால் கொடுக்கப் போக ஐந்து நிமிசம் கிடைத்திருக்கும். போட்டி என்கிற வடிவத்துக்கு உள்ளேயே ஒத்தாசையை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் கமிட்டி கேட்கும்: "போட்டின்னு சொல்லித்தான துட்டு குடுத்தோம்?"

ஆட்டத்தின் உடல் நுட்பமும் இப்படித்தான் கைமாறுகிறது. செம்புக்குள் அரிசியோ மணலோ போட்டு எடை ஏற்றுவார்கள். எடை இல்லாத கரகம் நிற்காது. மேலே அலங்காரக் கூடு, உச்சியில் கிளி. இடுப்புக்குக் கீழே நையாண்டி மேளத்தின் அத்தனை வேகமும் ஓட வேண்டும். கழுத்துக்கு மேலே ஒன்றும் நடக்கக்கூடாது. உடலை இரண்டாகப் பிரித்து ஆள்கிற இந்த வித்தைக்குப் பாடப்புத்தகம் இல்லை. அத்தை சொல்லிக்கொடுப்பாள், மதினி சொல்லிக்கொடுப்பாள், எதிர்ச் செட்டில் ஆடுகிறவளைப் பார்த்தும் திருடிக்கொள்ள வேண்டும். திருடியதை அவள் கண்டுபிடித்தால் கோபித்துக்கொள்வாள். அடுத்த கொடையில், "அப்படி இல்ல, முட்டிய மடக்கு" என்று அவளே திருத்துவாள்.

3

இங்கே நம் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நாம் பக்தினைப் படித்தோம். கொண்டாட்டம், தலைகீழாக்கம், கீழ் உடலின் சிரிப்பு, அதிகாரத்தின் மேல் கொட்டப்படும் கேலி என்றெல்லாம் எழுதினோம். கரகாட்டத்தின் கொச்சைப் பேச்சையும் இரட்டை அர்த்தப் பாட்டையும் மேட்டிமைப் பண்பாட்டுக்கு எதிரான கலகக் குரல் என்று கொண்டாடினோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊர்ப் பெரிய மனுசனின் மீசையைப் பிடித்து இழுக்க அந்த ஒரு ராத்திரிதான் கிடைக்கிறது.

ஆனால் நாம் விட்டது ஒன்று. ரூபாய் நோட்டை எடுத்துவந்து அவளுடைய ஜாக்கெட்டில் குத்துகிற கை யாருடையது? சிரிப்பு கீழிருந்து மேலே போகிறது, சரி. கை மேலிருந்து கீழே வருகிறதே. கேலி பண்ணப்பட்ட பெரிய மனுசன் விடிந்ததும் பெரிய மனுசனாகவே எழுந்திருக்கிறான். கேலி பண்ணியவள் விடிந்ததும் 'கரகாட்டக்காரி' என்ற வசவாக மாறிப்போகிறாள். அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் தொழிலைச் சொல்லத் தயங்குகிறாள். கொண்டாட்டத்தின் லாபத்தைக் கோட்பாடு எடுத்துக்கொண்டது. நஷ்டத்தை ஒரு பெண்ணுடல் எடுத்துக்கொண்டது. உடையைக் குறைக்கச் சொல்வதும் கமிட்டி இளவட்டம். பிறகு 'ஆபாசம்' என்று புகார் எழுதுவதும் அதே ஊரின் இன்னொரு கோஷ்டி. இரண்டு இடத்திலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அது சட்டத்திலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. கரகாட்டத்துக்கும் ஆடல் பாடலுக்கும் போலீஸ் அனுமதி வேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றம். 2004இல் மதுரைக் கிளை வந்த பிறகு தென்மாவட்டக் கமிட்டிகளுக்கு அது எட்டும் தூரமாயிற்று. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதி, கட்சிப் பாட்டுக் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். மனுதாரர் விழாக் கமிட்டி, எதிர்மனுதாரர் போலீஸ். யாருடைய உடை, யாருடைய அசைவு பற்றி உத்தரவு எழுதப்படுகிறதோ அவள் வழக்கில் தரப்பே அல்ல. சாமக்கொடைக்கு முன்னால் சனத்தை விழிக்கவைக்க வந்தவளுக்கு, சாமத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள் என்று உத்தரவு. மீறினால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால் கூலியில் பிடிப்பார்கள்.

4

கொஞ்சம் தூரமாகப் போய்வருவோம். காரணம் இருக்கிறது.

மேலை நாடுகளில் 'போல் டான்ஸ்' என்று ஓர் ஆட்டம். செங்குத்தாக நட்ட உலோகக் கம்பத்தில் ஏறி, தலைகீழாகத் தொங்கி, சுழன்று ஆடுவது. இன்று நாம் பார்க்கிற வடிவத்தில் அது வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் ஆடை களைந்து ஆடிப் பிழைத்த பெண்களிடம் உருவாகி வளர்ந்தது. தொண்ணூறுகளிலிருந்து அது விடுதியை விட்டு வெளியே வந்து உடற்பயிற்சி வகுப்பாயிற்று. வகுப்புகளிலிருந்து போட்டிகள் வந்தன. 2009இல் சர்வதேசக் கூட்டமைப்பு, 2012இல் லண்டனில் உலகச் சாம்பியன் போட்டி, 2017இல் உலக விளையாட்டு அமைப்புகளின் பொதுச் சங்கத்தில் பார்வையாளர் தகுதி. ஒலிம்பிக்கை நோக்கி முதல் படி என்று கொண்டாடினார்கள். மும்பை, பெங்களூரிலும் வகுப்புகள் வந்துவிட்டன.

அந்த ஆட்டத்தில் துணி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் பௌதிகம். துணி வழுக்கும், தோல்தான் உலோகத்தைப் பிடிக்கும். தொடையும் முழங்கையின் உட்பக்கமும் கன்றிச் சிவந்துதான் ஒவ்வொரு பிடியும் பழகுகிறது. புதிதாகத் தலைகீழாகத் தொங்குகிறவளின் அடியில் இன்னொருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கழுத்து முறிந்துவிடக் கூடாதே. நாளைக்குப் போட்டியில் அவளோடு மோதப்போகிறவளாகவும் இவள் இருக்கலாம். எதிராளி தலைகீழாக நிற்கும்போது தாங்குகிற கை. நம் கொடைப் பந்தலில் நீட்டி வாசிக்கிற மேளத்தின் உறவுக்காரி இவள்.

ஆனால் விளையாட்டாக மாறும்போது என்ன நடந்தது? பாலியல் சாயல் உள்ள அசைவும் ஆடை களைவதும் விதிப்படி விலக்கப்பட்டன. 2015, 2016 வாக்கில் வகுப்புகளில் பயின்ற பெண்கள் பலர் சமூக வலைத்தளங்களில் 'நான் ஆடைகளைபவள் அல்ல' என்று ஓர் அடையாள வாசகத்தைப் போட்டுத் தங்கள் படங்களை வெளியிட்டார்கள். விடுதிகளில் ஆடிய பெண்கள் 'ஆமாம், நான் ஆடைகளைபவள்தான்' என்று திருப்பிக் கொடுத்தார்கள். எங்களிடமிருந்து படியெடுத்த அசைவை வைத்துக்கொண்டு எங்களைக் கழுவிவிடுகிறீர்களே என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். கழுவின இடத்தில் வைக்க ஒரு சுத்தமான மூதாதை வேண்டுமல்லவா? அதற்கு நம் நாட்டுக்கு வந்தார்கள். மல்லர் கம்பம் கிடைத்தது.

மல்லர் கம்பம் மராட்டியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் புத்துயிர் பெற்ற மல்யுத்தப் பயிற்சி. விளக்கெண்ணெய் தேய்த்த மரக்கம்பத்தில் ஆண்கள் கோவணத்தோடு ஏறுவார்கள். நம் விழுப்புரத்தில் அது நன்றாக வேரூன்றியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் இடம்பெற்றது. வித்தை பெரிய வித்தை, சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: கம்பம், ஏறக்குறைய அதே பிடிகள், அதைவிடக் குறைந்த துணி. ஆணுடல் என்றால் வீர விளையாட்டு; பெண்ணுடல் என்றால் ஆபாசம். விடுதிப் பெண்ணின் தொழிலிலிருந்து தப்பிக்க விரும்பிய விளையாட்டுக்கு மல்லன் தாத்தாவாக வாய்த்தான்; பக்கத்தில் நிற்கிற அம்மாவை மறைப்பதற்குத் தூரத்துத் தாத்தா.

5

இதை நாம் சிரித்துக்கொண்டு படிக்க முடியாது. இதே காரியத்தை நாம் முன்னாலேயே செய்து முடித்திருக்கிறோம். 1930களில் சதிராட்டம் பரதநாட்டியம் ஆயிற்று. 1936இல் கலாக்ஷேத்திரம் வந்தது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிய வேண்டியதுதான். அதில் முத்துலட்சுமி ரெட்டியோடும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோடும் நமக்குச் சண்டை இல்லை. கேள்வி வேறு: கொடுமை ஒழிந்தபோது கலை மட்டும் எப்படி வேறு சாதிப் பெண்களின் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது? அந்தக் கலைக்கு நாட்டிய சாஸ்திரத்தை மூதாதையாக எழுதிக்கொண்டார்கள். ஆடிக்கொண்டிருந்த பாட்டிகளை அழித்துக்கொண்டார்கள்.

கரகாட்டத்துக்கு நாட்டுப்புறவியல் நூல்கள் சொல்லும் பூர்வீகத்தைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் ஒன்று குடக்கூத்து. வாணாசுரன் சிறைவைத்த பேரன் அநிருத்தனை மீட்க மாயோன் குடம்கொண்டு ஆடியது. அதுவே கரகாட்டத்தின் மூலம் என்று பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் அக்கறை அந்தக் கூற்று என்ன வேலை செய்கிறது என்பது. அடுத்தபடியாகச் 'சக்திக் கரகம்', 'ஆட்டக் கரகம்' என்று இரண்டு வரி. நீரும் வேப்பிலையும் கொண்டது தெய்வீகம். மணல் போட்டுக் கிளி வைத்தது பொழுதுபோக்கு. கடவுளின் குடத்தையும் பூசாரியின் குடத்தையும் இப்படிப் பாதுகாத்த பிறகு, மிஞ்சியிருக்கிற பெண்ணின் குடம் 'சீரழிவு' என்று ஆகிவிடுகிறது. 'முன்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்பதான் கெட்டுப்போச்சு' என்ற அழகான கதையாடல் தயார்.

நெல்லைச் சீமையில் நாட்டார் ஆய்வுக்குப் பெரிய மரபு உண்டு. நா. வானமாமலையும் 'ஆராய்ச்சி' இதழும், பின்னால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இல்லையென்றால் நமக்கு இந்த விசயங்களைப் பேசும் மொழியே கிடைத்திருக்காது. ஆனால் ஆய்வு பிரதியைத் தேடிப் போயிற்று. வில்லுக்குக் கதை உண்டு, ஏடு உண்டு. முத்துப்பட்டன் கதையைப் பதிப்பிக்கலாம். கரகாட்டத்துக்கு ஏடு இல்லை. அதன் பிரதி கழுத்தெலும்பில் இருக்கிறது.

சினிமா தன் பங்குக்குச் செய்தது. 1989இல் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. தலைப்பைப் பாருங்கள், காரன். இரண்டு கரகாட்டக் குழுக்கள் சந்திப்பதில் பிறக்கிற கதை. ஆனால் படத்தில் போட்டி காதலாகக் கரைந்துவிடுகிறது. கூலிப் பிரச்சினை வருவதில்லை, நோட்டுக் குத்துகிற கை வருவதில்லை. 2016இல் 'தாரை தப்பட்டை' அந்தக் கையைக் காட்டியது; காட்டிவிட்டு ஆட்டக்காரியின் உடம்பை வதைத்துத் தீர்த்தது. கண்ணியமான காதலி, இல்லாவிட்டால் சிதைக்கப்பட்ட உடல். கூலிக்கு ஆடிவிட்டு டீ குடிக்கிற ஒரு தொழிலாளியாக அவளைக் காட்ட நம் சினிமாவுக்கு இன்னும் வராது போலிருக்கிறது.

6

அரசு மேடை இன்னொரு வகைச் சலவை. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. அதே ஆண்டு சென்னை சங்கமமும் வந்தது. இரண்டும் தேவைதான். வாரிய அட்டையால் ஒரு ஈமச்சடங்குக்கு உதவி கிடைக்கிறது என்றால் அதை நக்கலடிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அரசு மேடையில் கரகாட்டம் பத்து நிமிசம். முழுக்க மூடின உடை, சேர்ந்தாற்போல் எட்டுப் பேர், பேச்சே கிடையாது. நையாண்டி மேளம் இருக்கும், நையாண்டி இருக்காது. பள்ளிக் கலைத் திருவிழாக்களில் பிள்ளைகள் கிராமிய நடனம் ஆடி 'கலையரசி' பட்டம் வாங்குகிறார்கள். நல்லது. அங்கே போட்டி உண்டு. நடுவர் உண்டு, முதல் பரிசு இரண்டாம் பரிசு உண்டு. ஜெயித்த பிள்ளைக்கும் தோற்ற பிள்ளைக்கும் அடுத்த வாரம் ஒரே வேனில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஒத்தாசைக்கும் அங்கே அவசியம் இல்லை. போட்டியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அதைத் தாங்கியிருந்த கை வெளியே நிற்கிறது. சான்றிதழில் கரகம் அச்சாகிறது, கரகாட்டக்காரி அச்சாவதில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. 2023இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடைசெய்தது. கரகாட்டத்தோடு ஒட்டியே நடந்துவந்த ஆட்டம் அது. கூலி போனது என்று ஆட்டக்காரர்கள் வருந்தினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடை கேட்டது ஒழுக்கக் காவலர்கள் மட்டுமல்ல. குறவர் சமூகத்தின் அமைப்புகள் பல வருசமாகக் கேட்டன. தன் சாதிப் பெயரை ஆபாசத்தின் மறுபெயராக மாற்றி ராத்திரி ராத்திரியாக மேடையில் சிரிக்கிறார்கள் என்றால் அந்தச் சமூகம் பொறுக்க வேண்டிய அவசியமில்லை. இதைக் 'கலைச் சுதந்திரம்' என்று ஒதுக்கினால் நாம் பக்தினிடம் செய்த தவற்றையே மறுபடி செய்கிறோம். ஒருத்தியின் உடையை அளக்கிற ஒழுக்கமும், ஒரு சமூகத்தின் இழிவை எதிர்க்கிற தன்மானமும் ஒன்றல்ல. தடைக்கும் தடைக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியவேண்டும். ஒரு ஒடுக்கப்பட்டவரின் சோற்றுக்கு இன்னொரு ஒடுக்கப்பட்டவரின் மானம் விலையாக வைக்கப்பட்டிருந்தது. அந்த விலையை வைத்தவர்கள் இருவரும் அல்ல.

7

சரி, என்ன செய்ய? கரகாட்டத்தைக் 'காப்பாற்றுங்கள்' என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. காப்பாற்றக் கிளம்பியவர்களால் சதிர் என்ன கதி ஆனது என்று பார்த்துவிட்டோம். கலையைக் காப்பாற்றுவதும் கலைஞரைக் காப்பாற்றுவதும் பல சமயம் எதிரெதிர்க் காரியங்கள்.

கேட்கக்கூடியவை சிறியவை. ஆட்டம் பற்றி உத்தரவு எழுதப்படும்போது ஆட்டக்காரியும் ஒரு தரப்பாக இருக்கட்டும். ஆட்டம் பாதியில் நின்றாலும் முழுக் கூலி என்று அச்சாரத்தின்போதே எழுதி வாங்கட்டும். மேடையேறித் தொடுகிறவன் மேல் வழக்குப் பதியட்டும். தொடப்பட்டவள் மேல் அல்ல. மழை மாசங்களில் வாரியம் மாதப் பணம் கொடுக்கட்டும். அரசுப் பள்ளியில் கரகம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் கொடையில் ஆடினவராக இருக்கட்டும். இதையெல்லாம் அவர்களுக்காக நாம் கேட்பதைவிட, எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரண்டு செட்டும் சேர்ந்து கேட்டால் நடக்கும். அப்படிச் சேர்வதற்கு அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேளத்தை நீட்டி வாசிக்கிற வித்தையில் அது ஏற்கெனவே இருக்கிறது. சங்கம் என்கிற பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அடுத்த கொடைக்குப் போகும்போது சாமத்தோடு கிளம்பி வந்துவிடாமல் விடியும்வரை இருப்பது. டீக்கடை பெஞ்சில் நடப்பதையும் ஆட்டத்தின் பகுதியாகப் பார்ப்பது. அதை விட்டுவிட்டு எழுதிய நம்முடைய பழைய கட்டுரைகளை, இதையும் சேர்த்துத்தான், ஒருதடவை திரும்பப் படிப்பது.